ஒரு நாள் முன்னதாக நின்ற உலக்கை

ஒரு சூரிய கிரகணத்தை நான் ஒரு நாள் முன்னதாகவே தொடங்கிவைத்திருக்கிறேன். சொன்னால் என் மனைவி நம்புவதில்லை. ஆனால் அன்று நடுப்பகலில் ஆரியசாலையில் ஒரு சந்து முழுக்க அடுப்பை அணைத்தது. ஒருவர் பாதி மழித்த முகத்தோடு வீட்டுக்கு ஓடினார். பருப்புக் கடைக்காரர் கட்டிய வேட்டியோடு தெருக்குழாயின் அடியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் என் ஒருவனுடைய உபயம். அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு நொடி நின்றால் இன்றைக்கும் அதே குரலில்தான் கத்துகிறேன். பயப்படும் விஷயத்தில் நான் வளரவே இல்லை.

எங்கள் வீடு அந்தச் சந்தின் கடைசியில் இருந்தது. அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஆணி, பூட்டு, கீல், கொண்டி விற்கும் கடை. கடை திறக்கும் முன் பூட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். புறப்படும்போது யாராவது தும்மினால் திரும்ப வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். எனக்கு ஜலதோஷம் பிடித்த நாட்களில் கடை பதினொரு மணிக்குத் திறந்ததும் உண்டு.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஒரு கல்லூரியில் பௌதிக லேபில் உதவியாளர் வேலை. தராசுகளைத் துடைத்து வைப்பதும் உடைந்த கண்ணாடிக் குழாய்களுக்கு நோட்டில் எழுதுவதும்தான் அவர் வேலை என்று அப்பா சொல்வார். ஆனால் மாமா பேசுவதைக் கேட்டால், புவியீர்ப்பு விசையே காலையில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறது என்று தோன்றும். சாயங்காலங்களில் யுக்திவாதிகள் கூட்டத்துக்குப் போவார். பகுத்தறிவாளர் என்பதற்கு அந்த மலையாள ஊரில் அதுதான் பேர். கூட்டம் முடிந்து வந்தால் அப்பாவோடு வாதம் நடக்கும். இரண்டு பேருக்கும் அது இல்லாமல் சோறு இறங்காது.

“ஏன் அத்தான், திருநீறு பூசினா காய்ச்சல் போகும்னா அந்த ஆஸ்பத்திரியை எல்லாம் இடிச்சுட்டு சாம்பல் கடை வெக்கலாமே?”

“மாப்ளே, ஆஸ்பத்திரியில வேலை பாக்குற டாக்டரே நெத்தியில சந்தனம் இட்டுட்டுத்தான் ஊசி போடுதாரு. நீ கண்ணாடிக் குழாய் கழுவுதவன். உனக்கு அவரைவிடவா தெரியும்?”

அம்மா இந்த வாதங்களில் எந்தப் பக்கமும் சேர மாட்டாள். இரண்டு தட்டிலும் சரியாக ஒரே அளவு கூட்டு வைப்பாள்.

அந்த வருஷம்தான் நாடே பேசிய அந்தச் சூரிய கிரகணம் வந்தது. வடக்கே சில ஊர்களில் பட்டப்பகலில் முழு இருட்டு, எங்கள் ஊரில் முக்கால்வாசி சூரியன் மறையும் என்றார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டரைவாக்கில் பிடித்து ஐந்து மணிக்குள் விடும். இதைப் பஞ்சாங்கமும் சொன்னது, செய்தித்தாளும் சொன்னது. இரண்டும் ஒரே நேரத்தைச் சொன்னதே அடுத்த சண்டைக்குக் காரணம் ஆயிற்று. பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் விஞ்ஞானிகள் எழுதிக்கொண்டார்கள் என்றார் அப்பா. கணக்கு வானத்துக்குச் சொந்தம், அதைப் பஞ்சாங்கம் திருடிக்கொண்டது என்றார் மாமா.

“எதுக்கும் ஒரு நாள் முன்ன பின்ன ஆகும்லே” என்று அப்பா என்னிடம் ரகசியமாகச் சொன்னார். “இந்த விஞ்ஞானிகளை முழுசா நம்ப முடியாது. உலக்கையைத்தான் நம்பணும்.”

உலக்கை விஷயம் இதுதான். கிரகணம் பிடித்ததும் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு அதில் உலக்கையை நிமிர்த்தி வைத்தால், எதன் மேலும் சாயாமல் தானாக நிற்கும். கிரகணம் விட்டதும் தானாக விழும். வேறு எந்த நாளிலும் நிற்காது. எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு இதுதான் கிரகணக் கடிகாரம். உலக்கை விழுந்த சத்தம் கேட்டால் குளித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கலாம்.

“எந்த நாளும் நிக்கும்” என்றார் மாமா. “அடிப் பூண் தட்டையா இருக்கணும், தரை சமமா இருக்கணும், ஆளுக்குப் பொறுமை இருக்கணும். அவ்வளவுதான். ராகுவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கேட்டீங்களா?”

“நிறுத்திக் காட்டேன் பாப்போம்.”

“காட்டுனா?”

இங்கேதான் விளையாட்டு வினையானது. அம்மா அப்போது ஏழு மாதம். கிரகண நேரத்தில் அவளை நடு அறையில் வைத்து, ஜன்னலைக் கம்பளியால் மூடி, சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருப்பது என்று அப்பா முடிவு செய்திருந்தார். அந்தப் புழுக்கத்தில், அந்த வெயில் நாளில், இரண்டரை மணி நேரம். மாமாவின் கோபமெல்லாம் அதுதான். ராகு கேதுவைப் பற்றி அவர் பேசியதெல்லாம் கடைசியில் தன் அக்காவின் ஒரு டம்ளர் தண்ணீரில்தான் வந்து நின்றது.

பந்தயம் போட்டார்கள். கிரகணத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு நாளில் மாமா உலக்கையை நிறுத்திக் காட்டினால், அம்மாவுக்குத் தண்ணீரும் திறந்த ஜன்னலும். காட்ட முடியாவிட்டால், அவருடைய கூட்டத்தார் சனிக்கிழமை மைதானத்தில் கூடி கிரகணத்தைப் பார்த்தபடியே சாயா குடிக்கப்போகும் நிகழ்ச்சிக்கு மாமா போகக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து உலக்கைக்குக் காவல் இருக்க வேண்டும்.

ஒரு வாரம் மாமா முயன்றார். உலக்கை விழுந்தது. கொல்லையில் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அப்பா பூஜை அறையிலிருந்து “சரி, சரி” என்பார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்காரர்கள் சமரம், அதாவது ஸ்டிரைக். காலை பத்து மணிக்கே ‘சிந்தாபாத்’ சொல்லி எங்களை வெளியே தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா, வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும் போலிருக்கிறது என்று நாலு சுகியன் வாங்கிவர அனுப்பினாள். சந்து முனையில் ஒரு சேட்டனின் சாயாக்கடை. சுகியன் சூடாக இருந்தது. சூடாக இருப்பது சுகியனின் தவறு, என் தவறல்ல. கொல்லைக் கதவு வழியாக வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு, கர்ப்பிணிக்கென்று வாங்கிய நாலில் இரண்டைத் தின்று முடித்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

கொல்லை நடுவில் உலக்கை நின்றுகொண்டிருந்தது.

பக்கத்தில் யாரும் இல்லை. தாம்பாளத்தில் தண்ணீர். அதன் நடுவில், எதன்மேலும் சாயாமல், ஆள் உயரத்துக்கு உலக்கை. ஒரு காக்கை கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து அதையே தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

நடந்தது என்னவென்றால், மாமா அன்று கல்லூரிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்து முயன்று ஒருவழியாக நிறுத்திவிட்டு, மூச்சு விட்டால் விழுந்துவிடுமோ என்று பூனைபோல நகர்ந்து, அப்பாவைக் கூட்டிவரக் கடைக்கு ஓடியிருக்கிறார். இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கிரகணம் பிடித்தால் உலக்கை நிற்கும். உலக்கை நிற்கிறது.

ஒரு நாள் முன்ன பின்ன ஆகும் என்று அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது.

ஆனாலும் நான் மாமாவின் மருமகன் அல்லவா, சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்புவேனா? கிரகணம் பார்க்க மாமா ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிக் கொடுத்திருந்தார். (அப்போது எல்லோரும் அப்படித்தான் பார்த்தோம். நீங்கள் பார்க்காதீர்கள், கண்ணுக்கு ஆகாதாம்.) சட்டைப்பையிலிருந்து அதை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தேன்.

சூரியனில் ஒரு பக்கத்தைக் காணோம்.

யாரோ முகம் தெரியாத ஒருவருடைய விலா எலும்பு முடிந்து நுரையீரலின் கறுப்பு தொடங்கும் இடம் அது என்று பிற்பாடு மாமா விளக்கினார். அந்த நேரத்தில் எனக்கு அது ராகுவின் கடைவாய். விஞ்ஞானமும் உலக்கையும் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டன. அப்பாவும் மாமாவும் வாழ்நாளில் எட்டாத உடன்பாடு என் கொல்லையில் எட்டப்பட்டுவிட்டது.

முதல் காரியமாக மீதி இரண்டு சுகியனையும் மதிலுக்கு அப்பால் எறிந்தேன். இரண்டாவதாக அம்மாவைக் காப்பாற்ற வேண்டும். அவள் அறையில் படுத்திருந்தாள். கதவைச் சாத்தி, வெளிப்பக்கம் நாதாங்கியைப் போட்டேன்.

“எலே, யாருலே அது? சுகியன் எங்கலே?”

“வெளிய வராதம்மா! பிடிச்சுட்டு!”

“என்னத்தலே பிடிச்சுட்டு? கதவைத் திறலே!”

நான் சந்துக்கு ஓடிவிட்டேன்.

“கிரகணம் பிடிச்சாச்சு! கிரகணம் பிடிச்சாச்சு! உலக்கை நிக்குது!”

சும்மா கிரகணம் என்று கத்தியிருந்தால் யாராவது மண்டையில் தட்டி அனுப்பியிருப்பார்கள். உலக்கை நிற்கிறது என்றதுதான் சந்து முழுவதையும் கலக்கிவிட்டது. அதற்கு மேல் ஒரு சாட்சி அந்தச் சந்தில் யாருக்கும் தேவைப்படவில்லை. ஒருவராவது நிமிர்ந்து வானத்தைப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கிரகணத்தின்போது நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பதுதானே சட்டம்! எல்லோரும் கண்ணை இறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, உள்ளே ஓடினார்கள்.

எதிர் வீட்டு அத்தை அடுப்பிலிருந்த சாம்பாரை அப்படியே சாக்கடையில் ஊற்றினாள். பருப்புக் கடைக்காரர் வாயில் ஒரு கவளம் சோற்றோடு வெளியே வந்து, விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னம் உப்பி நின்று, கடைசியில் அதோடேயே குழாயடியில் உட்கார்ந்தார். முடிதிருத்தும் கடையிலிருந்து பாதி முகம் வெளியே ஓடியது. சாயாக்கடைச் சேட்டன் மட்டும் பால் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “எந்தாடா மோனே, நாளையல்லே?” என்று கேட்டார். கேட்டவர், எதற்கும் இருக்கட்டும் என்று பாலின் மேல் இரண்டு துளசி இலையைப் போட்டு மூடிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அப்பாவை இழுத்துக்கொண்டு மாமா சந்துக்குள் நுழைந்தார். ஓடுகிறவர்களைப் பார்த்தார். நிமிர்ந்து சூரியனைப் பார்த்தார்.

“எலே கிறுக்கா! கிரகணம் நாளைக்குல்லாலே!”

“அப்போ உலக்கை நிக்குதே?” என்று குழாயடியிலிருந்து பருப்புக் கடைக்காரர் கேட்டார். கவளத்தை விழுங்கிவிட்டிருந்தார்.

மாமாவின் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். ஒரு ஆளுக்குக் காட்ட நினைத்த வித்தைக்கு ஊரே கூடிவிட்டது! “எல்லாரும் வாங்க. வந்து பாருங்க” என்று இரண்டு கையையும் விரித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். இருபது பேர் இருப்போம். சோப்பு நுரையோடு பாதி முகமும் வந்தது.

உலக்கை அசையாமல் நின்றது. நல்ல வெயில். தாம்பாளத் தண்ணீரில் முழுச் சூரியன் பளபளத்தது.

“பாத்துக்கிடுங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ராகு இல்லை, கேது இல்லை. அத்தான், இப்போ என்ன சொல்லுதீங்க?”

அப்பா உலக்கையைச் சுற்றி ஒரு தடவை வந்தார். ஏறத்தாழ பிரதட்சணம்போல இருந்தது. கூட்டத்தில் ஒருவர் கையைத் தட்டினார். எதிர் வீட்டு அத்தை, “அப்போ என் சாம்பாரு?” என்றாள்.

அதற்குள் யாரோ அம்மாவின் கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். அம்மா கொல்லை வாசலில் வந்து நின்றாள். என்னை அடிக்கத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன், கையில் விசிறி இருந்தது. ஆனால் உலக்கையைப் பார்த்ததும் விசிறி கீழே இறங்கிவிட்டது.

“எல்லா நாளும் நிக்குமாலே தம்பி?” என்று கேட்டாள்.

“எல்லா நாளும் நிக்கும்க்கா.”

“அப்போ எல்லா நாளும் விழவும் செய்யுமா?”

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

“பின்ன, விட்டாச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அம்மா. மெதுவாகத்தான் சொன்னாள். “போன தடவை விடுறதுக்கு முன்னாலேயே எழுந்து வந்துட்டேன்னு எல்லாரும் சொன்னாங்கல்லா.”

போன தடவை என்றால் என்னவென்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் பரணிலிருந்து தொட்டிலை இறக்கினார்கள். துடைத்து வைத்தார்கள். பிறகு ஒரு நாள் அதைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டார்கள். தொட்டில் ஏன் ஏறியது என்று கேட்டபோது எல்லோரும் எனக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

மாமா அக்காவைப் பார்த்தார். உலக்கையைப் பார்த்தார். பிறகு திடீரென்று சிரித்தார். நாடகத்தில் சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு.

“போக்கா! நம்பிட்டியா? அடியில மெழுகு வெச்சு ஒட்டியிருக்கேன். அத்தானை ஏமாத்தலாம்னு பாத்தேன், இந்தப் பய ஊரையே கூட்டிட்டான்” என்றபடி உலக்கையைச் சட்டென்று தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் ஓவென்று கூச்சலிட்டது. பருப்புக் கடைக்காரர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, “இதுக்குப் பேருதான் சயின்ஸா வே?” என்றார். அன்று தொடங்கி அந்தச் சந்திலிருந்து குடிபோகும்வரை மாமாவுக்குப் பெயர் ‘மெழுகு’. மெழுகு வந்தாச்சா, மெழுகு சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்பார்கள்.

தாம்பாளத்தைக் கழுவிவைக்கும் தண்டனை எனக்கு. தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தடவிப் பார்த்தேன். சுத்தமான பித்தளை.

“மாமா, மெழுகே இல்லியே?”

“வாயை மூடிட்டுக் கழுவுலே” என்றார் மாமா.

தோற்றவர் என்ன செய்வார், காலைப் பிடிப்பார். அன்று சாயங்காலமே மாமா அப்பாவின் பக்கத்தில் பவ்யமாக வந்து உட்கார்ந்தார்.

“அத்தான், கிரகணத்துல தண்ணிக்குத் தோஷம் எப்படி வருது?”

“திறந்து கிடந்தா வரும்.”

“இளநீரை மூடி வெச்சது யாரு?”

அப்பா யோசித்தார். “அது பகவான் வெச்ச மூடி.”

“பகவான் வெச்ச மூடியைத் திறந்துக்கிட்டு ராகு உள்ள போவானா?”

ராகுவுக்கு அவ்வளவு துணிச்சல் இருக்கும் என்று ஒப்புக்கொள்ள அப்பாவின் பக்தி இடம் கொடுக்கவில்லை. ஆனால் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கிரகண நேரத்தில் அரிவாள் எடுத்து வெட்டக் கூடாதே என்றார்.

“வெட்ட வேண்டாம். உங்க கடை ஆணியால ஒரு குத்து.”

குத்துவது வெட்டுவதில் சேருமா என்று இருவரும் தலையோடு தலை முட்டப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள். ஆணியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் அப்பாவே கடைக்குப் போய் நாலு அங்குல ஆணி ஒன்றைப் பொறுக்கியெடுத்து, கழுவி, சந்தனம் தொட்டு, சுவாமி படத்தின் முன்னால் வைத்தார். உறிஞ்சப் பப்பாளி இலைக் காம்பு.

சனிக்கிழமை மத்தியானம் ஊரே செத்துக் கிடந்தது. கடைகள் இல்லை, பஸ் இல்லை, ரோட்டில் நாய்கூட இல்லை. அம்மா நடு அறையில். ஜன்னலில் கம்பளி. அப்பா பூஜை அறையில் ஜபம். கூடத்தில் தாம்பாளம், உலக்கை, பந்தயத்தில் தோற்ற மாமா, ஊரைக் கலக்கியதற்காக எக்ஸ்ரே ஃபிலிம் பறிமுதல் செய்யப்பட்ட நான்.

முதலில் அப்பா ஜபத்திலிருந்து எழுந்து வந்து நிறுத்திப் பார்த்தார். ஆறு தடவை விழுந்தது. “இன்னும் சரியாப் பிடிக்கலை” என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மாமா வாங்கி, பூணைத் துடைத்து, தாம்பாளத்தை ஒரு விரற்கடை நகர்த்தி, கையை எடுத்தார். நின்றது.

“பாத்தியா மாப்ளே! பிடிச்சுட்டு!”

“ஆமா அத்தான்” என்றார் மாமா.

அப்பா நிம்மதியாக ஜபத்துக்குப் போனார். வெளியே வெயில் வெளுத்து, பழைய வேட்டிபோல ஒரு நிறம் முற்றத்தில் வந்தது. உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்: “நிக்குதா?”

“நிக்குதுக்கா.”

கால் மணிக்கு ஒரு தடவை இந்தக் கேள்வி. கால் மணிக்கு ஒரு தடவை இந்தப் பதில். மாமா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிய ஒரு நேரத்தில் எனக்கு ஒரு விஞ்ஞானச் சந்தேகம் வந்தது. நேற்று இல்லாத மெழுகு இன்று இருக்குமோ? குனிந்து, உலக்கையின் அடியில் சுண்டுவிரலை நுழைத்தேன்.

மெழுகு இல்லை. அதைக் கண்டுபிடித்த அதே நேரத்தில் உலக்கை சாய்ந்தது.

என் தொண்டையிலிருந்து நேற்றைய அலறல் பாதி கிளம்பிவிட்டது. மாமா ஒரு கையால் உலக்கையைத் தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்தார், மறு கையால் என் வாயைப் பொத்தினார். தண்ணீர் மட்டும் கொஞ்சம் சிந்தியது.

“என்னலே சத்தம்?”

“ஒண்ணுமில்லக்கா. இவன் தும்முதான்.”

“நிக்குதா?”

மாமா உலக்கையை நிமிர்த்தினார். கையை எடுத்தார், சாய்ந்தது. பிடித்தார். மறுபடி வைத்தார், சாய்ந்தது. நாலு தடவை. நேற்று யாருமில்லாத கொல்லையில் காக்கைக்கு முன்னால் கம்பீரமாக நின்ற உலக்கை, கிரகணம் உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில் நிற்க மாட்டேன் என்றது. மாமா சொல்லிவந்த சங்கதிக்கு இதைவிட நல்ல நிரூபணம் அமையாது. அவர் அதைக் கொண்டாடும் நிலையில் இல்லை.

“நிக்குதாலே தம்பி?”

“நிக்குதுக்கா” என்றார் மாமா, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

அப்படியே நின்றார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். எங்கள் உலக்கை நல்ல கனம். நான் பிடிக்கிறேன் என்று ஜாடை காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் சுருண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் அப்பா, அம்மாவுக்குக் கொடுக்க இளநீரும் ஆணியுமாகக் கூடத்துக்கு வந்தார். உலக்கையைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு மாதச் சண்டையும் இப்போது மொத்தமாக வெடிக்கும், அதில் சுண்டுவிரல் விவகாரமும் வெளியே வரும் என்று காத்திருந்தேன்.

ஒன்றும் வெடிக்கவில்லை. கண்ணைத் திறந்தால், அப்பா இளநீரில் ஆணியைக் குத்தி, காம்பைச் செருகி, அம்மாவுக்கு உள்ளே கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். வந்து, மாமாவின் கைக்கு மேலே தன் கையை வைத்தார்.

“விடு மாப்ளே. கொஞ்ச நேரம் நான் பிடிக்கேன்” என்றார், உதடு மட்டும் அசைய.

“நிக்குதா?” என்றாள் அம்மா, வாயில் இளநீர்க் காம்போடு.

“நல்லா நிக்குது” என்றார் அப்பா.

நாலே முக்கால்வரை இருவரும் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். ஒருவர் பிடிக்கும்போது மற்றவர் தோளை அமுக்கிவிட்டுக்கொண்டார். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா, “இன்னும் ரெண்டு நிமிஷம் போகட்டும், எதுக்கும் இருக்கட்டும்” என்றார். மாமா அதற்கு மறுப்புச் சொல்லாமல் மூன்று நிமிஷம் பிடித்தார். பிறகு கையை எடுத்தார்.

டமார்.

கதவு திறந்தது. அம்மா வியர்வையில் நனைந்த முகத்தோடு சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை. “தானா விழுந்துட்டா?” என்று கேட்டாள்.

“தானாத்தான் விழுந்தது” என்றார்கள் இரண்டு பேரும்.

நான் வாயைத் திறந்தேன். மாமா அதில் சமயம் பார்த்து ஒரு கற்கண்டைப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பரணிலிருந்து தொட்டில் இறங்கியது. இந்தத் தடவை திரும்ப ஏறவில்லை. என் தங்கை நல்ல கனத்தோடு பிறந்து, நல்ல சத்தத்தோடு அழுதாள். கிரகண நியமத்தை ஒழுங்காகக் காத்ததன் பலன் என்றார் அப்பா. இளநீரின் பலன் என்றார் மாமா. அதற்கப்புறம் இருபது வருஷம் இந்த வாதம் நடந்தது. ஒருவரை ஒருவர் மடக்க எதையெதையோ இழுத்தார்கள். உலக்கையைப் பிடித்த அந்தக் கையை மட்டும் யாரும் வெளியே எடுக்கவில்லை.

எனக்கோ தலைகால் புரியவில்லை. நின்ற அன்று மெழுகு என்றார்கள். நிற்காத அன்று நிற்கிறது என்றார்கள். பொய் சொன்னால் நாக்கில் சூடு என்று என்னை மிரட்டும் இரண்டு பெரியவர்கள் மாற்றி மாற்றிப் பொய் சொன்னார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் கிரகணத்தைப் பற்றிப் பாடம் எடுத்தாள். கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டு முடித்துவிட்டு, “கிரகணத்தின்போது உலக்கை நிற்கிறது என்கிறார்களே, அது எதனால் நிற்கிறது? யாருக்குத் தெரியும்?” என்று கேட்டாள்.

வகுப்பிலேயே நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். கையைத் தூக்கினேன்.

“ரெண்டு பேர் மாத்தி மாத்திப் பிடிக்கணும் டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. டீச்சர் என்னைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிற்கவைத்தாள். நான் சொன்னது தப்பான பதில் என்றுதான் வெகுகாலம் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.